ஒன்றுமில்லை என்னும் நோய்

தமிழில் மிக எளிதாகச் சொல்லப்படுவதும் மிகத் தவறாகக் கேட்கப்படுவதுமான சொல் எதுவென்று வினவினால், ‘ஒன்றுமில்லை’ என்போம். மருத்துவர் அதைச் சொல்லும்போது ‘அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை’ என்பது பொருள். மருத்துவமனைப் படியிறங்கி வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அதே சொல் ‘இவருக்கு ஒன்றுமே இல்லை’ என்று திரிந்துவிடுகிறது. இடையில் உதிர்ந்துபோன ஒரு சொல்லுக்காக நோயாளி தன் வீட்டாரிடமும் நண்பரிடமும் அலுவலகத்திலும் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருக்கிறது. சில காலம் சென்றபின் அவரே தன்னோடு வழக்காடத் தொடங்குகிறார். ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்ட ஒன்று இரவு இரண்டு மணிக்கும் காலில் துடித்துக்கொண்டிருந்தால், பொய் சொல்வது மருத்துவரா, காலா?

இக்கட்டுரை அந்தச் சொல்லுக்கு எதிரானது; மருத்துவர்களுக்கு எதிரானதன்று. வெளியே அறுபது பேர் டோக்கனோடு காத்திருக்கையில் ஒருவருக்கு நான்கு நிமிடம் ஒதுக்குவதே பெரிது என்பதை நாம் அறிவோம். ஆயினும் சொல்லைக் கற்பித்து ஊதியம் பெறுபவர் நாம். ஒரு சொல் மனிதரை வதைக்கிறது என்றால் அதை மருத்துவத் துறையின் உள்விவகாரம் என்று விட்டுவிட இயலாது. அது மொழித்துறையின் விவகாரமும் ஆகும்.

*

செய்தி இவ்வளவே. நான்காண்டுகளுக்கும் மேலாக நம் உடலின் தசைகள் தாமாகத் துடித்துவருகின்றன. இடது கெண்டைக்காலில் தொடங்கிற்று. பின்னர் வலக்கண்ணின் கீழிமை, கட்டைவிரலின் அடிமேடு, உள்ளங்கால் என்று இடம் பெயர்ந்தது. வலியில்லை. வலுக்குறைவும் இல்லை. கரும்பலகையில் எழுதும் கை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்றாம் மாடி வகுப்பறைக்குக் கால்கள் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் உட்கார்ந்தாலும் படுத்தாலும் தோலுக்கடியில் ஏதோ ஒன்று புரண்டு அடங்கும். மீனின் வடிவைக் கண்டு அத்தசைக்குக் கெண்டை என்று பெயரிட்டார்கள் என்பர். அந்தக் கெண்டை குட்டை நீரில் வாலடித்துத் திரும்புவதையும் நாம் கண்டுவிட்டோம். அதே தசைக்கு ஆடுசதை என்றும் ஒரு பெயருண்டு. நம் காலைப் பொறுத்தவரை காரணப்பெயர்தான்.

உள்ளே நடப்பது என்ன? முதுகுத்தண்டில் உள்ள ஒரு நரம்பணு தன் நீண்ட இழையால் ஒரு கூட்டம் தசைநார்களை ஆள்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளில் அக்கூட்டத்தில் பத்துச் சொச்சம் நார்களே இருக்கும். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். மூளையிலிருந்து கட்டளை எதுவும் வராமலே அவ்விழையின் ஓரிடத்தில் பொறி தட்டினால் கூட்டம் முழுவதும் ஒருமுறை சுருங்கி விரியும். அதுவே துடிப்பு. மிகு உழைப்பு, உறக்கக்குறை, காப்பி, கவலை, தைராய்டு மிகை, இரத்தத்தில் உப்புகளின் ஏற்றத்தாழ்வு, சில ஆஸ்துமா மருந்துகள் ஆகியவை பொறி தட்டுவதை எளிதாக்கும். பலருக்குக் காரணம் எதுவும் அகப்படுவதில்லை.

இதற்கு வரலாறும் உண்டு. 1948இல் டென்னி-பிரவுன், ஃபோலி என்னும் இருவர் தீங்கற்ற தசைத்துடிப்பைத் தனியே பிரித்து எழுதினார்கள். 1963இல் ரீட், கர்லண்ட் ஆகியோர் நலமுள்ள மருத்துவமனைப் பணியாளரிடம் கேட்டறிந்தபோது பத்தில் ஏழு பேர் எப்போதேனும் துடிப்பை உணர்ந்ததாகக் கூறினர். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் இத்தகைய துடிப்புடைய 121 பேரை 2 ஆண்டு முதல் 32 ஆண்டு வரை தொடர்ந்து பார்த்து 1993இல் முடிவை வெளியிட்டனர். அவர்களுள் ஒருவருக்கும் இயக்க நரம்பணு நோய் வரவில்லை.

ஆகவே பெயர் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, பின்தொடர்ந்து பார்த்த கணக்கு இருக்கிறது. இத்தனையும் இருக்கும் ஒன்றுக்கு ‘ஒன்றுமில்லை’ என்பது பெயராகுமா?

*

இவ்விடத்தில் இலக்கிய நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். நம் முன்னோர் துடிப்பை நன்கறிந்தவர்கள், கண் துடிப்பைச் சிலம்பிலேயே காணலாமே என்பார். உண்மைதான். இந்திரவிழவு ஊரெடுத்த காதையின் முடிவில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. பாலைக்கலியில் பல்லி சொல்வதும் தலைவியின் இடக்கண் ஆடுவதும் ஒருங்கே வருகின்றன. அசோகவனத்துச் சீதை தன் இடப்பக்கம் துடிப்பதைத் திரிசடையிடம் சொல்கிறாள். பெண்ணுக்கு இடம் நன்று, ஆணுக்கு வலம் நன்று என்பது மரபு.

ஆனால் அந்தத் துடிப்புகள் யாவும் செய்திகள். அவற்றுக்கு அனுப்புநர் உண்டு, பெறுநர் உண்டு, பொருளும் உண்டு. ஒருமுறை துடித்துச் செய்தியைச் சொல்லிவிட்டு அடங்கிவிடுகின்றன. நாள்தோறும் நூறுமுறை துடித்து எதையும் சொல்லாத ஒரு கெண்டைக்காலுக்கு அம்மரபில் இடமில்லை. ‘ஆம்பளைக்கு இடது துடிச்சா ஆகாதுப்பா, எலுமிச்சம்பழம் சுத்திப் போடச் சொல்லு’ என்றார் ஊரிலிருந்து வந்த பெரியம்மா. அவ்விதிப்படி பார்த்தால் நான்காண்டில் நமக்கு ஆயிரக்கணக்கான கேடுகள் நிகழ்ந்திருக்க வேண்டும். இமை வலப்பக்கம் துடித்த வகையில் சில நூறு நன்மைகள் கழிவு.

நிமித்தத்தை நரம்பியல் என்று மேடையில் முழங்குவோருக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. பழம்புலவர் துடிப்பைக் கண்டார்கள், நரம்பணுவைக் கண்டாரல்லர். கண்டதாகச் சொல்வது அவர்களுக்குப் பெருமை சேர்க்காது. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சீதை சொன்னதைத் திரிசடை கேட்டாள். ‘ஒன்றுமில்லை’ என்று அவள் சொல்லவில்லை. நம் பெரியம்மாவும் சொல்லவில்லை. அவர்கள் தந்த விளக்கம் பிழையாயினும் துடிக்கிறது என்பதை மறுக்கவில்லை. இன்றைய மருத்துவ அறையில் விளக்கம் சரியாக இருக்கிறது. அது நோயாளிக்குச் சொல்லப்படுவதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் வேறொரு சொல் வந்து குடியேறிக்கொண்டது.

*

‘நரம்புத் தளர்ச்சி.’

தமிழில் இதைவிடக் கொடிய மொழிபெயர்ப்பு ஒன்றை நாம் அறியோம். 1869இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், களைப்பு, தலைவலி, உறக்கமின்மை, கவலை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நியூராஸ்தீனியா என்று பெயரிட்டார். நரம்பின் ஆற்றல் வற்றிப்போவதே காரணம் என்பது அவர் கருத்து. அதே 1869இல் பாரிஸில் சார்க்கோவும் ஜோஃப்ராவும் முதுகுத்தண்டின் இயக்க நரம்பணுக்கள் உண்மையிலேயே அழிந்துபோகும் நோயை ஆராய்ந்து எழுதினர். ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு கருத்துகளுள் சார்க்கோவினது நிலைத்து நின்றது. பியர்டின் மூட்டையோ மெல்ல மெல்ல அவிழ்ந்துபோய், உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் திருத்தத்தில் தனி நோய் என்னும் இடத்தையும் இழந்தது. அத்திருத்தம் 2022 முதல் நடைமுறையில் உள்ளது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. இங்கே மூட்டைதான் நிலைத்தது. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர் முதல் நள்ளிரவுத் தொலைக்காட்சி வரை அதற்கே ஆட்சி. மாதத்தின் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் தங்கும் வைத்தியருக்கு அதுவே முதலீடு. இளமைத் தவறு, விந்திழப்பு, கைநடுக்கம், கண் துடிப்பு, ஞாபகமறதி எல்லாம் ஒரே வரிசையில் அச்சாகும். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் எந்தெந்த நோய்களுக்கு மருந்துண்டு என்று விளம்பரம் செய்யலாகாது எனப் பட்டியலிட்டிருக்கிறது. நரம்புத் தளர்ச்சியும் அதில் ஒன்று. சட்டம் எழுபதாண்டு கடந்துவிட்டது. சுவரொட்டியின் பசை இன்னும் காயவில்லை.

சொல் இவ்வளவு எளிதாக ஊன்றியதற்கு ‘நரம்பு’ என்பதன் பொருட்குழப்பமும் ஒரு காரணம். யாழின் தந்தி நரம்பு. புறங்கையில் பச்சையாகப் புடைத்திருக்கும் சிரையும் நரம்பு. சிரைக்குள் போடும் ஊசி நரம்பூசி. காலில் சிரை சுருண்டால் நரம்புச் சுருட்டு. புழு புகுந்தால் நரம்புச் சிலந்தி. மூளையிலிருந்து செய்தி கொண்டுசெல்லும் இழைக்கும் அதே பெயர்தான். தந்தி தளரும், ஆகவே நரம்பும் தளரும் என்று கேட்பவர் நம்பிவிடுகிறார். செய்தி கடத்தும் இழை தந்தியைப்போல் தொய்வதில்லை. அது பழுதுபடலாம், உறை இழக்கலாம், அழியலாம். ‘தளர்ச்சி’ இவற்றுள் எதையும் குறிக்கவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. நம் துறையில் இரண்டாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவன் இமையும் மேற்கையும் துடிப்பதைக் கண்டு அஞ்சி, விடுதிக் கட்டணத்துக்காக வீட்டார் அனுப்பிய பணத்தை லாட்ஜ் வைத்தியர் ஒருவரிடம் கொடுத்தான். அவனுக்குக் கிடைத்தவை சில பொட்டலம் பொடியும் தன் உடல் தன் பாவத்தால் கெட்டது என்னும் தீர்ப்பும். அவன் இரவில் பரோட்டாக் கடையில் வேலை பார்த்தான். நாளைக்கு நான்கு மணிநேரம் உறங்கினான். துடிப்புக்கு அதுவே போதும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பருவத் தேர்வை அவன் எழுதவில்லை. ஒரு சொல் ஒருவனின் ஓராண்டைத் தின்ற கணக்கு இது. எத்தனை வகுப்பறைகளில் எத்தனை பேர் இப்படி முகம் கவிழ்ந்திருக்கிறார்கள் என்பதை யார் எண்ணினார்கள்?

*

இனி ‘நரம்பு டெஸ்ட்’. ஊர்வழக்கு இதுதான். பரிந்துரைச் சீட்டில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். என்ன செய்யப்போகிறார்கள் என்பதைச் சோதனைக் கூடத்து வாசல்வரை எவரும் சொல்வதில்லை. நமக்கும் சொல்லவில்லை. எனவே வாசகர் பொருட்டுச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

சோதனை இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது நரம்பின் வேகத்தை அளப்பது. கட்டைவிரலின் அடிமேட்டில் ஒரு மின்தகட்டை ஒட்டுகிறார்கள். மணிக்கட்டில் மின்முனையை வைத்துச் சொடுக்குகிறார்கள். நம் விரல் நம்மைக் கேளாமல் துள்ளுகிறது. பிறகு முழங்கை மடிப்பில் வைத்து மறுபடியும் ஒரு சொடுக்கு. இரு புள்ளிகளுக்கும் இடைப்பட்ட தொலைவைத் தையற்காரர் போல டேப்பால் அளந்து, காலவேறுபாட்டால் வகுத்தால் வேகம் கிடைக்கும். நலமான கை நரம்பில் விநாடிக்கு 50 மீட்டர் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். தவளை நரம்பில் இதை முதன்முதலில் அளந்தவர் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஆண்டு 1850. அவருடைய ஆசிரியர் முல்லர், நரம்புச் செய்தியின் வேகம் அளக்க இயலாதது என்று எண்ணியிருந்தார். வகுத்தல் கணக்கு ஒன்று அந்த எண்ணத்தை முடித்துவைத்தது. ஒரு நுட்பம் உண்டு. கை குளிர்ந்திருந்தால் ஒரு டிகிரி செல்சியஸுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகம் குறையும். குளிரூட்டிய அறையில் அரைமணி நேரம் உட்காரவைத்துவிட்டுக் கையை வெதுவெதுப்பாக்காமல் சோதித்தால், நலமான நரம்பும் மெலிந்ததாகத் தெரியக்கூடும்.

இரண்டாவது ஊசி. மருந்து ஏதும் செலுத்துவதில்லை. ஊசியே ஒலிவாங்கி. ஏட்ரியன், பிராங்க் இருவரும் 1929இல் வடிவமைத்தது இவ்வகை ஊசி. அதைத் தசைக்குள் செலுத்தினால் தசையின் மின்னசைவு திரையில் கோடாகவும் ஒலிபெருக்கியில் ஓசையாகவும் வரும். ‘லூசா விடுங்க சார், அசையாதீங்க’ என்கிறார் சோதிப்பவர். ஓய்விலுள்ள நலமான தசை மௌனமாக இருக்கும். நரம்பை இழந்த தசையில் தகரக்கூரையில் தூறல் விழுவதுபோல் ஓசை கேட்கும் என்று நரம்பியல் மாணவருக்குக் கற்பிக்கிறார்கள். தசை இறுக்க நோய் ஒன்றில் மோட்டார் சைக்கிளின் வேகம் ஏறி இறங்குவதுபோல் கேட்குமாம். நம்முடைய துடிப்போ ஒழுங்கின்றிச் சொட்டும் ஒற்றைச் சொட்டு. டப். நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டப். நான்காண்டாக நாம் மட்டுமே உணர்ந்த ஒன்றை அறையிலிருந்த மூவரும் கேட்டார்கள். நோயாளிக்கு அது எத்தகைய ஆறுதல் என்பதைக் கேட்டவர் யாரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

பிறகு ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு தாள்கள். கடைசி வரியில் எல்லாம் இயல்பு என்றிருந்தது. மருத்துவர் தாளைப் புரட்டி, ‘ஒண்ணும் இல்ல சார், டென்ஷனைக் குறைங்க’ என்றார். சற்றுமுன் ஒலிபெருக்கியில் கேட்ட சொட்டுக்கு என்ன விளக்கம்? நாம் கேட்ட பிறகே விடை வந்தது. தசையில் நரம்பிழப்பின் அடையாளம் எதுவும் இல்லை. அஃதில்லாத இடத்தில் தனியே வரும் துடிப்பு தீங்கற்றது. இரண்டே வாக்கியம். சொல்வதற்குப் பத்து விநாடி ஆயிற்று. அந்தப் பத்து விநாடி ஏன் கேட்டுப் பெறவேண்டிய சலுகையாக இருக்கிறது? கேட்கத் தெரியாதவர் என்ன செய்வார்?

சோதனை குறித்து இருவேறு மிகைகள் உலவுகின்றன, இரண்டையும் மறுக்கிறோம். துடிக்கும் எவருக்கும் ஊசி வேண்டும் என்பது ஒரு மிகை. முதலில் வேண்டியது மருத்துவரின் கை. வலுவைச் சோதித்து, தசை மெலிந்திருக்கிறதா என்று பார்த்து, முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே பெரும்பாலான ஐயங்கள் தீரும். ஆறு மாதத்துக்கொருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தால்தான் நிம்மதி என்பது மற்றொரு மிகை. வலு குறையாதிருக்கையில் திரும்பச் செய்யும் சோதனை அச்சத்துக்கு இடும் தீனி. அது சில மாதங்களில் செரித்துவிடும். பசி மறுபடியும் எழும். ஒருமுறை செய்து, முடிவை நன்றாக விளக்கி, என்ன மாற்றம் கண்டால் திரும்பி வரவேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவதே முறை.

*

‘எல்லாம் மனசுதான்’ என்பாரும் உளர். நம் துறை நண்பர்கள் பலருக்கு இது அத்வைதம் போலவே ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அவர்கள் எதிர்பாராத ஒரு செய்தி: ஆஸ்திரேலிய நரம்பியலாளர்கள் சைமன், கீர்னன் இருவரும் 2013இல் எழுதிய ஆய்வுரை மருத்துவத்துறையினரையே பற்றியது. துடிப்பு கண்டதும் இயக்க நரம்பணு நோயென்று அஞ்சி ஓடிவந்த மருத்துவர்கள் அதில் பேசப்படுகிறார்கள். அறியாமையால் மட்டும் இந்த அச்சம் விளைவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இந்நோய் என்ன செய்யும் என்பதை அறிந்தவரே மிகுதியும் அஞ்சுகிறார். இணையத்தில் ‘தசைத் துடிப்பு’ என்று தேடி, ஐந்தாவது நிமிடத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஸ்டீபன் ஹாக்கிங்கின் படத்தை வந்தடையும் எவரும் இதை உணர்வார்கள்.

கவலை துடிப்பைப் பெருக்கும் என்பது மெய். துடிப்பு கவலையைப் பெருக்கும் என்பதும் மெய். ஆயின் இந்தச் சுழலைக் காட்டி ‘மனசுதான்’ என்று கைகழுவுவோர், மனம் என்பதை ‘ஒன்றுமில்லை’ என்பதன் மறுபெயராகவே வழங்குகிறார்கள். மனத்தில் உள்ளது இல்லாதது ஆகிவிடுமா? அப்படியானால் அகத்திணையை என்ன செய்வது? பசலையும் வளை நெகிழ்தலும் மனத்தால் மெய்யில் நேர்ந்தவை என்று வகுப்பில் உருகி உருகிப் பாடம் நடத்துபவர்கள், பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் மெய்யில் ஒன்று நிகழ்ந்தால் அதைப் பாசாங்கு என்கிறார்கள்.

*

இலக்கியத்தின் மீதும் நமக்கு ஒரு குறையுண்டு. புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் இறந்தார். அன்று தொட்டு எழுத்தாளனின் நோய் என்றால் நம் உள்ளத்தில் ஒரு குறிப்பிட்ட சித்திரம் எழுகிறது: இருமல், வறுமை, மேதைமை, இளமைச் சாவு. நோய் ஒன்று இலக்கியத் தகுதி பெறவேண்டுமானால் கொல்ல வேண்டும். அல்லது சமூகத்தின் குறியீடாக நிற்க வேண்டும். கொல்லாமலும் குணமாகாமலும் எதற்கும் குறியீடாகாமலும் கூடவே குடியிருக்கும் உடற்குறைகளுக்கு நம் கதைகளில் நாற்காலி போடுவது அரிது. ஆங்கிலத்தில் வர்ஜீனியா உல்ஃப் 1926இலேயே நோயுறுதலைப் பற்றி எழுதும்போது, உடல்நோவைச் சொல்லத் தம் மொழியில் சொற்கள் போதவில்லை என்று முறையிட்டார். சூசன் சாண்டாக் 1978இல் நோயை உருவகமாக்குவதற்கு எதிராக ஒரு நூலே எழுதினார். இவ்விருவரையும் மேற்கோள் காட்டும் தமிழ்க் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவர்கள் சொன்னதைத் தமிழில் செய்துபார்க்கத்தான் ஆளில்லை.

இதைவிட வியப்பு வேறொன்று. மருத்துவ உலகில் ‘மதராஸ்’ என்று நம் நகரத்தின் பெயரையே தாங்கிய இயக்க நரம்பணு நோய்வகை ஒன்று இருக்கிறது. 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் தாம் கண்டவற்றைத் தொகுத்து எழுதினர். இளவயதில் தொடங்கும், கைகால் மெலியும், முகமும் விழுங்குதலும் பேச்சும் பாதிக்கப்படும், பலருக்குச் செவிப்புலன் குறையும். எனினும் மெல்ல நகர்வதால் பல்லாண்டு வாழ்வோர் உண்டு. உலகப் பாடநூல்களில் ஏறிய இச்செய்தியை நம் கல்லூரி வளாகத்தில் எத்தனை பேர் அறிவார்கள்? ஊரின் பெயரை நோய்க்குக் கொடுத்தோம். நோயைச் சொல்ல ஊரின் மொழியைக் கொடுக்கவில்லை.

‘இதெல்லாம் வார இதழின் மருத்துவப் பகுதிக்கு உரியது, இலக்கியமாகுமா?’ என்ற கேள்வி வரும் என்பது தெரியும். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள உறவு இலக்கியக்காரரின் வேலை இல்லை என்றால் வேறு யாருடைய வேலை?

*

இறுதியாக, இதில் உண்மையிலேயே பணயமாக இருப்பது துடிப்புக்காரரின் தூக்கம் மட்டுமன்று. இயக்க நரம்பணு நோய் மெய்யாகவே பற்றியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடத்தில் முதன்மையானது துடிப்பன்று, வலுக்குறைவு. சட்டைப் பொத்தானைப் போட இயலாமை, செருப்பு காலிலிருந்து நழுவுதல், பேச்சுக் குழறல், விழுங்குகையில் புரையேறல் ஆகியவை மாதந்தோறும் கூடிக்கொண்டே போகும். பல நாடுகளில் இந்நோயை உறுதிசெய்வதற்கே ஏறத்தாழ ஓராண்டு கழிந்துவிடுகிறது. இங்கே அத்தகையவர் ஒருவர் செல்லும் வழியில் ‘நரம்புத் தளர்ச்சிதான், சிவப்பு ஊசி போட்டால் சரியாகும்’ என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பி12 குறைந்தவருக்கு அந்த ஊசி நன்மருந்து. இவருக்கு அது இழந்த மாதங்கள் மட்டுமே.

அதாவது ஒரே சொல், அஞ்ச வேண்டாத மாணவனை அச்சுறுத்துகிறது. உடனே செல்ல வேண்டியவரைத் தட்டி உறங்கவைக்கிறது. இதைவிடப் பெரிய குற்றப்பத்திரிகை ஒரு சொல்லின் மீது எழுத முடியுமா?

எனவே நம் வேண்டுகோள் மிகச் சிறியது. மருத்துவர்கள் ‘ஒன்றுமில்லை’ என்பதை நீக்கிவிட்டு மூன்று வாக்கியங்களைத் தமிழில் சொல்லட்டும்: ‘உங்களுக்கு இருப்பது தீங்கற்ற தசைத்துடிப்பு. இது நெடுங்காலம் இருக்கலாம், ஆனால் வலுவைக் குறைக்காது. கையிலோ காலிலோ வலு குறைந்தால், பேச்சோ விழுங்குதலோ மாறினால் உடனே வாருங்கள்.’ இதழாசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நரம்புத் தளர்ச்சி என்பதை இனி எங்கும் அச்சேற்றாதிருக்கட்டும்; களைப்பைக் களைப்பு என்றும், கவலையைக் கவலை என்றும், நரம்புச் சிதைவை நரம்புச் சிதைவு என்றும் எழுதட்டும். தமிழாசிரியராகிய நாம் ‘மருந்து’ அதிகாரம் நடத்தும் நாளில், நோய் இன்னதென்று முதலில் ஆராயச் சொல்லும் 948ஆம் குறளின் ‘நாடி’ கைந்நாடி அன்று, ஆராய்ந்து என்னும் வினையெச்சம் என்று இலக்கணக் குறிப்பு எழுதுவதோடு நின்றுவிடாமல், ஆராய்ந்ததை நோயாளியின் மொழியில் சொல்வதும் அவ்வினையின் பகுதிதான் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்வோம். பாடத்திட்டத்தில் இல்லைதான். முகம் கவிழ்ந்து கடைசி வரிசையில் இருப்பவன் ஒருவனேனும் தலைநிமிர்ந்து கேட்பான்.